பத்தடிக்கு ஓர் அங்குலம்

என் புல்தரையில் தண்ணீர் நிற்காது. பதினோரு வருஷமாக இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆரணியிலும் போளூரிலும் வேலூரிலும் நான் லான் போட்ட வீடுகளில் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைப் புல்மேல் கவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தேங்காமல் ஓடிவிடும். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு, அவ்வளவுதான் சங்கதி. பார்வைக்குத் தட்டையாகவே இருக்கும். ரேணுகாதேவி கை வைத்தால் மட்டம் தப்பாது என்று மேஸ்திரிகளே சொல்வார்கள். ஆம்பளைகள் வாயால் அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அந்தக் கார்த்திகையில் மலைமேல் வேலை வந்தது. விஜயராஜ் சார் வேலூரில் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையில் வீடு கட்டி முடித்து, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். நூறு பேர் வருவார்கள், புல்லில் நாற்காலி போட்டுச் சாப்பாடு என்பது அவர் ஆசை. நல்ல மனிதர். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று உயிரை எடுக்கமாட்டார். நானோ சந்தவாசலில் இருந்து தினமும் விடியற்காலை ஜீப் பிடித்து மேலே போய், பொழுது சாயக் கீழே வருவேன்.

இடம் இப்படி. மேற்கே மேட்டில் வீடு. கிழக்கே தாழ்வில் கருங்கல் மதில், அதன் அடியில் மழைத்தண்ணீர் வெளியே போக ஆறு ஓட்டைகள். வடக்கே வெறும் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஓடை. மதிலுக்கு அந்தப் பக்கம், நாலடி பள்ளத்தில், ஒரு களம். சாமையை அறுத்துக் கொண்டுவந்து போர் போட்டிருந்தார்கள். களம் சின்னக்குழந்தையுடையது.

சின்னக்குழந்தை என்னிடம் கூலிக்கு வந்த நாலு பெண்களில் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். கல் பொறுக்குவாள், கோரைக் கிழங்கை வேரோடு தோண்டி எடுப்பாள், எருவையும் செம்மண்ணையும் கலந்து பரப்புவாள், எதையும் இரண்டாவது முறை சொல்ல வேண்டாம். யாராக இருந்தாலும் "நீ" என்றுதான் பேசுவாள். சாரையும் அப்படித்தான். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது, அப்புறம் பழகிவிட்டது.

முதல் நாளே அந்த நிலத்தில் ஒரு வாய்க்கால் இருந்ததைப் பார்த்தேன். வாய்க்கால் என்று சொல்லக்கூட முடியாது, முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் தொடங்கி, நடு நிலத்தில் கோணல்மாணலாக வளைந்து, வடக்கு ஓடையில் போய் விழுந்தது. லான் போடுகிறவள் கண்ணுக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. எடுத்துப் போடும்வரை நிம்மதி இருக்காது. இரண்டு டிராக்டர் மண் கொட்டி மூடினேன். மிச்ச மண்ணை வடக்கு வேலியோரம் குவித்து, அதன்மேல் வரிசையாகக் குரோட்டன்ஸ் வைத்தேன்.

மூடும்போது சின்னக்குழந்தை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இத்த மூடிட்டா தண்ணி எங்கக்கா போவும்?"

"கீழ போவும். மேலயா போவும்?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தை நான் அப்போதே கவனித்தேன். கவனித்துவிட்டு டியூபை எடுத்தேன்.

மட்டம் பார்க்க எனக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு முனை என் கையில், மறுமுனை சின்னக்குழந்தை கையில். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துக் குச்சி குச்சியாக அடித்து, நூல் கட்டி, வீட்டிலிருந்து மதில்வரை எண்பதடிக்கு எட்டு அங்குலம் இறக்கினேன். பலகையை இழுத்து மேடுபள்ளம் தட்டினோம். தண்ணீர் விட்டு மண்ணை அமர விட்டோம். உருளை ஓட்டினோம். மறுபடியும் பலகை. புதன்கிழமை காலையில் லாரியில் புல் வந்தது, பாய்போல் சுருட்டிய துண்டுகள். பொழுது சாய்வதற்குள் விரித்து முடித்தோம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

கடைசியாக டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டேன், அமர்க்களமாக ஓடிக் காட்டட்டும் என்று. ஓடியது. புல்லுக்கடியில் நழுவிப் போய், ஆறு ஓட்டைகளிலும் ஒரே நேரத்தில் வெளியே விழுந்தது. சார் கைதட்டினார். நான் பெருமையாக மதில்மேல் எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் நேராகச் சின்னக்குழந்தையின் களத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மெழுகிய களத்தில் ஒரு நாக்கு நீண்டு, சாமைப் போரின் அடியைத் தொட ஒரு முழம் இருக்கும்போது நின்றது. நின்றதற்குக் காரணம், டேங்கர் தீர்ந்துவிட்டது.

முன்பெல்லாம் அந்த நிலம் கல்லும் புதருமாக இருந்து பாதித் தண்ணீரைக் குடித்தது, மலைத்தண்ணீரை அந்தக் கோணல் பள்ளம் ஓடைக்கு இழுத்துப் போனது. நான் பள்ளத்தையும் மூடி, நிலத்தையும் வழித்து, மொத்தத் தண்ணீரையும் அவள் போருக்கு வழி காட்டியிருந்தேன். அதுவும் குச்சி அடித்து, நூல் கட்டி, அவளையே டியூப் பிடிக்க வைத்து.

அவள் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். போரை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்டேன். எங்கே மாற்றுவது, வூட்டுக்குள் ஆள் படுக்கவே இடம் இல்லை என்றாள். சாமை அடிக்க ஊரில் மாடுகளை முறை வைத்துக் கட்டுவார்கள், அவள் முறை திங்கட்கிழமை. அதுவரை போர் அங்கேதான் நிற்க வேண்டும். அடியில் ஈரம் ஏறினால் கதிர் முளைத்துவிடும். வருஷம் பூரா அவள் வீட்டில் உலையில் போடுவது அதுதான்.

"வெள்ளிக்கெழம வந்து மதிலுக்கு அந்தாண்ட ஒரு கால்வா வெட்டித் தர்றேன்" என்றேன்.

"மழ வெள்ளிக்கெழம வரைக்கும் வராம நிக்குமா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டாள். அதுதான் என்னைப் போட்டு அரித்தது. வியாழக்கிழமை என் மகளுக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம், பத்தாம் வகுப்பு, போகாமல் இருக்க முடியாது. நிற்கும் நிற்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மிச்சமிருந்த பன்னிரண்டு புல் சுருளை அவளிடம் காட்டி, காயாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன்.

வியாழக்கிழமை நான் இருந்த இருப்பை என் மகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். டீச்சர் கணக்கு மார்க்கைச் சொல்கிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே ஒரு டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். போனில் வானிலையைத் திறந்து திறந்து மூடினேன். சந்தவாசலில் வெயில். மலை மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கு மலை இருந்த இடமே தெரியவில்லை. கூலிக்கு வந்த நாலு பேரில் போன் வைத்திருந்த செல்லிக்குப் போட்டேன், போகவில்லை. சாருக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. ஜீப் ஸ்டாண்டில் போய்க் கேட்டால், மேலே மரம் விழுந்து கிடக்கிறது, காலையில்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். சோறு பொங்கி அடிப்பிடிக்க விட்டேன். ஒரு டியூபும் நாலு குச்சியும் தெரிந்த திமிரில் ஒருத்தி கேட்ட கேள்வியை எப்படி நக்கல் பண்ணிவிட்டேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை முதல் ஜீப்பில் போனேன். போய் இறங்கி, கேட்டைத் திறக்கவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு கீழே களத்துக்கு ஓடினேன்.

களம் மழை நனைத்த அளவுக்கு நனைந்திருந்தது, அவ்வளவுதான். தார்ப்பாயை மூடிக்கொண்டு சாமைப் போர் நின்றது. குனிந்து அடியில் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்த சாமைத்தாள் விரலில் குத்தியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது.

பிறகுதான் மதிலைப் பார்த்தேன். ஆறு ஓட்டைகளில் ஒன்றிலிருந்தும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மேலே போனால் என் லான் இல்லை. முழுக்கக் குளம். மதிலோரம் முழங்கால் தண்ணீர். நான் விரித்த புல் துண்டுகள் பிய்ந்து மிதந்துகொண்டிருந்தன. பந்தலுக்கு ஊன்றிய கால்கள் சாய்ந்து கிடந்தன. வீட்டின் கீழ்ப்படிவரை தண்ணீர் நின்றது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்படியில் நின்றார். நாலு பெண்களும் ஓரமாக நின்றார்கள். ஓட்டைகளை அடைத்திருப்பது என்னவென்று சார் மண்வெட்டியால் ஒன்றைப் பிடுங்கி எடுத்து வைத்திருந்தார், எடுத்த ஓட்டையில் மறுபடியும் சேறு சரிந்து மூடிக்கொண்டது. அவர் கையில் இருந்தது ஒரு புல் சுருள். மிச்சமிருந்த பன்னிரண்டில் ஒன்று.

சின்னக்குழந்தைக்கு இடுப்புவரை சேறு காய்ந்திருந்தது. அவள் அதைக் கழுவிக்கொண்டு வரக்கூட இல்லை.

"எவனோ வேணும்னே அடைச்சிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார் சார். சத்தம் போடவில்லை. பாவம், நாளை மறுநாள் நூறு பேர் வருகிறார்கள். செல்லி தரையைப் பார்த்தாள். சின்னக்குழந்தை ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்" என்றேன்.

அவள் திறந்த வாயோடு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றார் சார்.

"மட்டம் தப்பாப் பூட்ச்சு சார். மண்ணு அரிச்சுகினு போய்டும்னு நான்தான் ஓட்டைய அடைக்கச் சொன்னேன். தப்பு என்துதான்."

இதில் பொய் பாதிதான். மட்டம் தப்பு என்று சொல்லும்போது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. சார் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார்.

"உங்க லான்ல தண்ணி நிக்காதுன்னு சொன்னாங்கம்மா" என்றார்.

"நின்னுட்ச்சு சார்."

என் பதினோரு வருஷமும் அந்த ஒரு சொல்லில் போயிற்று. வேலூரில் இருந்து வரும் நூறு பேரும் கேட்பார்கள், யார் போட்ட லான் என்று. வலித்தது. ஆனால் நேற்றெல்லாம் என்னை உட்காரவிடாமல் அடித்த அந்த அரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீரை வடித்து, பிய்ந்த புல்லை மாற்றித் தருகிறேன், ஆனால் லானுக்கு நடுவே ஒரு கால்வாய் வரும், அது இல்லாமல் முடியாது என்று சாரிடம் சொன்னேன். அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றேன். மூடியவள் நான்தான். ஆனால் மூடும்போது அது எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

"சின்னக்கொழந்த, தண்ணி எங்க போவும்? காட்டு."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். கிண்டலா என்று பார்த்திருப்பாள். பிறகு இறங்கி வந்தாள். பாதத்தால் தடவித் தடவி நடந்தாள். புதிதாகக் கொட்டிய மண் தண்ணீர் குடித்து அமுங்கியிருந்தது, அங்கே கால் வைத்தால் மெத்தென்று இறங்கும். அந்த மெத்தென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, இடமாகத் திரும்பி, வலமாக வளைந்து, என் குரோட்டன்ஸ் வரிசைவரை போய் நின்றாள்.

"இங்கதான் வாயி" என்றாள்.

குரோட்டன்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேட்டை வெட்டினேன். நாலாவது வெட்டில் தண்ணீர் மண்வெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடையில் பாய்ந்தது. மற்றவர்களும் இறங்கினார்கள். நான் திரும்பி, என் கையால் விரித்த புல்லின் நடுவே, அவள் நடந்த வழியில் வெட்டிக்கொண்டு வந்தேன்.

படியிலிருந்து சார் கேட்டார், நூல் கட்டி நேராக வெட்டினால் என்ன, இப்படிக் கோணலாகப் போகிறதே என்று.

"அது அப்பிடித்தான் சார் போவும்" என்றேன், நிமிராமல்.