கரண்ட் போன பிறகும் நடந்த மீட்டிங்

அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கதவு’. பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி அது. ஆட்களை எடுக்கிற, அனுப்புகிற பிரிவில் அவள் அதிகாரி. யாரையாவது தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவளே எழுந்து போய்க் கதவைச் சாத்தினால் அந்த ஆளுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். இன்றைக்குக் கதவு யாரைக் கூப்பிட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் கிசுகிசுத்துக்கொள்வார்கள். அவளுக்கும் இது தெரியும். வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கெட்டவள் இல்லை. வேலை போனவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்று நினைப்பவள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள், மூக்கைத் துடைக்கக் காகிதம் கொடுப்பாள், அப்புறம் யோசனை சொல்வாள். எல்லாம் மனப்பாடம். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அப்புறம் நாக்கு எழாது. எப்போதும் எழுந்திருக்கிற நேரத்துக்கே எழுந்திருங்கள். குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜை முன்னால் உட்காருங்கள். படுக்கையில் சாய்ந்துகொண்டு வேலை தேடாதீர்கள். தெரிந்தவர்களிடம் நேராகக் கேளுங்கள். பழைய கம்பெனியைப் பற்றிக் குறை பேசாதீர்கள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதன்படி நடந்தார்களா இல்லையா என்பது அவளுக்குத் தெரிய வந்ததே கிடையாது.

அவள் கணவர் மருந்து விநியோகம் செய்யும் கம்பெனி ஒன்றில், எந்த லாரி எந்தக் கிடங்குக்கு எப்போது போக வேண்டும் என்று திட்டம் போடுபவர். சில வருஷங்களாக வீட்டிலிருந்தே வேலை. ஹாலை ஒட்டிய சின்ன அறைதான் அவருடைய ஆபீஸ். அந்த அறை சாத்தியிருந்தால் தட்டக் கூடாது, டிவி சத்தம் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் அவள்தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரைச் சும்மா இருப்பவராக வீட்டார் நினைத்துவிடக் கூடாது என்று தன் அலுவலகத்தில் வகுப்பே எடுத்தவள் ஆயிற்றே. பள்ளிக்கூடம் போகும் மகள் அந்த அறையைத் தாண்டும்போது பூனை மாதிரி நடப்பாள்.

அன்றைக்கு அலுவலகத்தில் மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கீழ்த்தளமெல்லாம் வெள்ளக்காடு. மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். எதிர்பாராமல் கிடைத்த அரைநாள். பாதித் தூரத்திலேயே, குளித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். கணவருக்கு போன் செய்து சொல்லவில்லை. வேலையில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே வந்தாள். வீடு நிசப்தமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் கேட்க ஆரம்பித்தது. வடக்கே போகிற வண்டியை நிறுத்தி வைத்திருப்பதாகவும், அதன் குளிர்சாதனம் சரியானதும் அனுப்பிவிடலாம் என்றும் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்தபடி சமையலறைக்குப் போய் டீக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.

பால் சூடாவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது, மின்விசிறி நின்றது, ஹாலில் இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது. மீட்டிங் பாதியில் அறுந்துபோகும், சலித்துக்கொண்டு வெளியே வருவார், வந்ததும் கையில் டீயைக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

அவர் வரவில்லை. குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

போனில் இணைத்துக்கொண்டிருப்பார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே திரும்பியவளின் கண்ணில், மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்த அவருடைய போன் பட்டது. திரை இருண்டு, மல்லாக்கக் கிடந்தது. அவளுடையது கைப்பையில் இருந்தது, வீட்டில் வேறு போன் கிடையாது.

உள்ளே அவர், “இப்ப நல்லா கேக்குது சார், சொல்லுங்க” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்குத் தெரியாமல் இன்னொரு போன் வைத்திருக்கிறாரோ என்றுதான் புத்தி முதலில் ஓடியது. அப்படியே இருந்தாலும் எந்தப் பொம்பளையை ‘சார்’ என்று கூப்பிடுவார்? அடுத்து வந்த எண்ணம் அதைவிடப் பயங்கரமாக இருந்தது. மனுஷருக்குப் புத்தி பிசகிவிட்டதா? பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேஸ் நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடிப்போய்த் திருகினாள். பிறகு நேராக வந்து, தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, தட்டாமல் அறையைத் திறந்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கீழே வீட்டில் போடுகிற அரைக்கால் சட்டை. காதில் ஹெட்ஃபோன். அதன் ஒயர் மேஜை விளிம்பைத் தாண்டி, எதிலும் செருகப்படாமல் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரில் திறந்திருந்தது கம்பெனி கொடுத்த லேப்டாப் இல்லை. மகள் தண்ணீரைக் கொட்டிப் போன வருஷமே செத்துப்போன பழையது.

அவளைப் பார்த்த பிறகும் அவர் பேச்சு உடனே நிற்கவில்லை. “நான் அப்புறம் கூப்பிடறேன் சார்” என்று அந்தச் செத்த திரையிடம் சொல்லிவிட்டுத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

அதைக் கேட்டதும், கம்பெனி லேப்டாப் ஏன் அங்கே இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப போச்சு?” என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். “கரண்ட்டா? கவனிக்கலையே.”

“வேலையைக் கேக்கறேன்.”

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். வேலை போய் நாலைந்து மாதம் ஆகிறது என்று, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். லாரிகளைத் தானே பிரித்து அனுப்புகிற புது மென்பொருளைக் கம்பெனி வாங்கிவிட்டது. அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். போனில்தான் சொன்னார்கள், நன்றி சொல்லி வைத்தும்விட்டார்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தைப் பிரித்து, மாதச் சம்பளம் மாதிரியே வீட்டுக் கணக்கில் போட்டு வந்திருக்கிறார்.

பகலில் என்ன செய்கிறார் என்று கேட்டாள். அவளும் மகளும் கிளம்பிய பிறகு போனில் வேலை தேடுவாராம். தெரிந்தவர்களையெல்லாம் நேராகக் கேட்டாகிவிட்டதாம். இரண்டொரு இடத்தில் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கைவிட்டுவிட்டார்களாம். மீட்டிங் மட்டும் வீட்டில் ஆள் இருக்கிறபோதுதான். மகள் பள்ளியிலிருந்து வந்தால் ஒன்று, அவள் வந்த பிறகு ஒன்று. இன்றைக்குச் சாவிச் சத்தம் கேட்டதும் பதறி ஆரம்பித்ததில் போனை வெளியே விட்டுவிட்டார்.

கேட்கக் கேட்க அவளுக்கு எல்லாம் தெரிந்த பாடமாக இருந்தது. வழக்கமான நேரத்துக்கு எழுந்திருந்தார். ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் இருந்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை. மேஜை. நேராகக் கேட்டது. பழைய கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை குறை கிடையாது. ஊராருக்கு அவள் ஒப்பிக்கிற யோசனைகளை, ஒன்றைத் தவிர, ஒருவர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். அது அவள் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

“எல்லாத்தையும் செஞ்சிருக்கீங்க. வீட்டுல சொல்றதை மட்டும் ஏன் செய்யல? என்கிட்ட சொல்ல உங்களுக்கு என்ன பயம்?”

“சொல்லத்தான் வந்தேன்” என்றார் அவர். “போன் வந்த அன்னிக்கு ராத்திரியே. தட்டுல சோறு போட்டுட்டு நீயும் எதிர்ல உட்கார்ந்தே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ அந்த மெத்தைக்காரர் கதையை ஆரம்பிச்சுட்டே.”

அவளுக்கு ஒரு கணம் எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் நினைவுக்கு வந்தது. பழைய குமாஸ்தா ஒருவர். கதவு சாத்தியதும் அழுதார். எல்லாம் முடிந்து எழுந்து போகிறபோது திரும்பி நின்று, முதுகுவலிக்காகத் தன் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அந்தக் குரலை அவள் அப்படியே பிடித்திருந்தாள். மூக்கை உறிஞ்சி, முதுகை வளைத்து, இல்லாத மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினாள். மகள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தண்ணீர் குடித்தாள்.

“நீங்களும் சிரிச்சீங்களே” என்றாள்.

“ஆமா. நல்லா இருந்துச்சு. நீ அப்படியே செஞ்சு காட்டினே.” ஹெட்ஃபோன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, “அதுக்கப்புறம் எனக்கு முதல் வார்த்தை வரல” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளை அறைந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதங்களில் இதே மேஜையில் இன்னும் எத்தனை பேரை நடித்துக் காட்டியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்திருக்கிறார். இனிமேல் தன்னால் யார் முகத்தைப் பார்க்க முடியும் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்தச் சொல் இதற்குப் போதாது என்றும் பட்டது. கையை நீட்டினாள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தபோது இருவரும் திடுக்கிட்டார்கள்.

மகள் வந்ததும் அவரே சொன்னார். இந்த முறை அம்மா குறுக்கே பேசவில்லை. மகள் புத்தகப்பையைக்கூட இறக்காமல் முழுக்கக் கேட்டாள். அப்படியானால் உள்ளே யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றார் அப்பா. மகள் அம்மாவை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

“அப்ப நான் இவ்ளோ நாள் சத்தமே இல்லாம டிவி பார்த்தது வேஸ்ட்டாப்பா?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மகள் பயந்துபோய் அவர் தோளில் பையோடு வந்து விழுந்தாள்.

மறுநாள் அவளுக்கு அலுவலகத்தில் ஒரு வேலை காத்திருந்தது. கிடங்கு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தள்ளிப்போடலாமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, முடியாது என்றார் அவர். மேற்பார்வையாளர் வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னாள். மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். மனப்பாடமான யோசனைகள் அவள் நாக்கு நுனி வரை வந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

“வீட்டுல யார்கிட்ட முதல்ல சொல்லணும்?” என்று மட்டும் கேட்டாள்.

சம்சாரத்திடம் என்றார். வீட்டுக்காரி நல்ல மாதிரிதான், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றார். அவள் தன் நாற்காலியை மேஜைக்கு அவர் இருந்த பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாலும் சரி, அவர்கள் வேறு பேச்சை ஆரம்பிக்க இடம் கொடுக்காதீர்கள் என்றாள். முதல் வாக்கியத்தை இங்கேயே சொல்லிப் பார்க்கச் சொன்னாள். அவர் நாலைந்து முறை தடுமாறினார். கடைசியில், “எனக்கு வேலை போயிடுச்சு, கொஞ்சம் உட்காரேன்” என்று வந்தது. அது நன்றாக இருக்கிறது, அதையே சொல்லுங்கள் என்றாள். அவர் போன பிறகு வெகுநேரம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் இதைக் கேட்டதில்லையே என்ற திகைப்பு விடவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் அவள் வீட்டில் நடித்துக் காட்டியதில்லை. சாயங்காலங்களில் கணவருக்கு நேர்காணல் பழக்கினாள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அவள் கேட்டால், முதல் சில நாட்கள் மூச்சு முட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பிறகு பிரிவையே மூடிவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். மருந்துக்காரர்களை விட்டுவிட்டு வேறு இடங்களில் கேட்டுப் பார்க்கச் சொன்னது அவருடைய அண்ணன். அண்ணனிடமும் அதுவரை மறைத்துத்தான் வைத்திருந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு பஸ் கம்பெனியில் கிடைத்தது. எந்தப் பஸ் எந்த வழியில் எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. முன்பைவிடச் சின்ன வேலைதான், தினமும் நேரில் போக வேண்டும். டிப்போ சத்தத்தில் காது அடைக்கிறது, ஓட்டுநர்கள் முகத்துக்கு நேரே திட்டுகிறார்கள் என்று வந்து சொல்வார். சொல்கிறபோது முகம் நன்றாக இருக்கும்.

இப்போதும் சில நாள் அவர் பேசாமல் வந்து மேஜையில் உட்கார்ந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

“ஒண்ணுமில்ல, பசி” என்பார்.

அவர் இரண்டாவது முறை சோறு கேட்கிற வரைக்கும் அவள் அதை நம்ப மாட்டாள்.