பலாப்பழத்துக்குக் கேட்ட வள்ளம்

மூன்று தலைமுறையாகப் படகுத்துறை நடத்தும் குடும்பத்தில் ஒருவர்கூடப் படகில் ஏறியதில்லை. இது ஜெனினுக்குத் தெரியும், அவன் மனைவி பெபிஷாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்வரைதான் பிழைப்பு.

துறை இருப்பது குலசேகரத்துக்கு மேலே, சரணாலயத்துக்குள் கிடக்கும் ஓர் அணையில். தொடங்கியவர் ஜெனினின் தாத்தா தேவகனி. ரப்பர் பால் வெட்டுகிறவர். சர்ச் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்துக்குக் கை தூக்கினார். நின்றது கடைசி வரிசை. முன்னால் பழம் விற்றுப்போய், ஊர் மாறிப்போன எஸ்டேட் மேனேஜர் சபைக்குக் கொடுத்த துடுப்பு வள்ளம் ஏலத்துக்கு வந்திருந்தது. தேவகனிக்கு அது தெரியவில்லை. பழத்துக்கு இந்த விலை கொஞ்சம் கூடுதல் என்று பட்டது. ஆனால் எதிர்த்துக் கேட்டவன் மச்சினன். விடுவாரா?

வள்ளம் மாட்டுவண்டியில் வீட்டு வாசலுக்கு வந்தது. பழம் என்று நினைத்தேன் என்று மச்சினனிடம் சொல்வதைவிட, அணைக்கரையில் ஒரு துறை தொடங்குவது எளிதாக இருந்தது. தண்ணீரைக் கண்டால் அவருக்கு நடுங்கும். “ஆண்டவர் மீனுக்குச் செதிள் வச்சாரு. எனக்கு வேட்டிதான் வச்சிருக்காரு” என்பார். ஏறியவர்கள் தாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டார்கள். ஓய், நீரு வரல்லியா என்று கேட்டால், “எல்லாரும் ஏறினா கரையை யாரு பாப்பா?” என்றார்.

அதுவே குடும்பக் கொள்கையானது. ஜெனினின் அப்பா அதைத் தகரத்தில் எழுதி மாட்டினார். ஜெனின் காலத்தில் வள்ளம் போய், அன்னப்பறவைத் தலை வைத்த மிதிபடகுகள் வந்தன. தகரம் மட்டும் மாறவில்லை.

பிறகு புது வன அலுவலர் வந்தார். அனில்குமார், ஆரல்வாய்மொழிக்காரர். உரிமம் புதுப்பிக்க வேண்டுமானால் உரிமையாளரே தன்னை அணை நடுவிலுள்ள தீவைச் சுற்றிக் கூட்டிப்போய் வர வேண்டும் என்றார். இல்லையென்றால் துறைக்குப் பூட்டு.

“பின்ன நீங்க ஏறத்தான் வேணும்” என்றாள் பெபிஷா.

“காய்ச்சல்னு சொல்லட்டா?”

“அது போன வாரம் சொல்லியாச்சு. அதுக்கு முன்ன முட்டுவலி. இனி மிச்சம் பிரசவம்தான்.”

“ஏட்டி, தண்ணியைக் கண்டா எனக்குப் பேடியா இருக்கு.”

“கண்ணை மூடிட்டு மிதியுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

அனில்குமார் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார். “எங்க ஊர்ல தண்ணி கெடையாது, காத்துதான் உண்டு” என்றார். “காத்துன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல, கேட்டியளா.” பயத்தில் இருந்த ஜெனினுக்கு அது காதில் ஏறவில்லை.

ஏறினான். அன்னத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். கண்ணை மூடினான். மிதித்தான்.

“போகுதா?” என்று அனில்குமாரின் குரல் கேட்டது.

“நல்லா போகுது சாரே.”

படகு ஆடியது. முகத்தில் தண்ணீர் தெறித்தது. “தீவு வருது, இடது பக்கமா திருப்புங்க” என்றாள் பெபிஷா. நடு அணைவரைக்கும் அவள் குரல் பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்டது. தண்ணீரில் சத்தம் இத்தனை தூரம் போகும் என்று ஜெனின் அறிந்ததில்லை.

“அந்தா, அக்கரையில மிளா மான் நிக்குது.”

“பாத்தேன்” என்றார் அனில்குமார். “நல்ல மிளா.”

“கொம்பு பெருசு” என்றான் ஜெனின்.

இன்னொரு தரம் தண்ணீர் தெறித்தது. அலை பலமாக இருக்கிறது என்று அனில்குமார் சொன்னார். தீவுக்குப் பின்னால் எப்போதும் அப்படித்தான் என்று ஜெனின் விளக்கினான்.

“கரை வந்தாச்சு. எறங்குங்க.”

ஜெனின் கண்ணைத் திறந்தான். துறை ஓரத்தில் பெபிஷா குத்தவைத்திருந்தாள். கையில் ஒரு மக். ஒரு கால் அன்னத்தின் வால்மேல். படகு தூணோடு கட்டிக் கிடந்தது. முடிச்சுக்கூட நனையவில்லை. கயிற்றை அவிழ்ப்பது கரையைப் பார்க்கிறவர் வேலை; கரையைப் பார்த்தது பெபிஷா.

பக்கத்தில் அனில்குமார் அப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்திருந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள்.

“நல்ல கயிறு” என்றார் அனில்குமார்.

“ஆனையைக் கட்டலாம் சாரே.”

“பாதுகாப்பு திருப்தி.”

கரையேறி ஒரு ஜாக்கெட்டைக் கழற்றியதும் மறுபடி அலுவலர் ஆனார். “உரிமம் தந்துருவேன். ஒரு குறை உண்டு. தீவுல உக்கார எடமில்ல. பெஞ்சு ஒண்ணு போடணும்.”

“நானும் கவனிச்சேன் சாரே.”

“அடுத்த மாசம் வந்து பாப்பேன். இங்க நின்னு பாத்தாலே தெரியுமில்லா?”

“நல்லா தெரியும்.”

ஜீப் போனது. பெபிஷா மக்கில் மிச்சமிருந்த தண்ணீரை அணையில் ஊற்றினாள். “பெஞ்சை யாரு கொண்டு போவா?”

ஜெனின் தகரத்தைப் பார்த்தான். தீவைப் பார்த்தான். பஸ் ஏறிக் குலசேகரத்துக்குப் போய்க் கடையில் கயிறு கேட்டான்.

“எவ்வளவு நீளம்?”

“அணைக்குள்ள தீவு இருக்கில்லா, அதுவரைக்கும்.”

கடைக்காரர் அளவுகோலைக் கீழே வைத்தார். “உனக்குத்தான் போட் இருக்கே மக்கா. பின்ன எதுக்குக் கயிறு?”

“போட்டைக் கரையோட கட்டத்தான்” என்றான் ஜெனின்.