காலடி பதியாத பறவை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணமான நாளிலிருந்து நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் பறவைகளால் வந்தவை. நகை கேட்டுச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, தனிக்குடித்தனம் கேட்டுச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நானோ, கொண்டலாத்தி தரையில் நடக்கும்போது கொண்டையை விரிக்குமா மடக்குமா என்பதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்றாம் நாள்தான் வழிக்கு வந்தார்.

அவர் ராஜமாணிக்கம், கூட்ஸ் வண்டி கார்டு. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஒரு நாள் சேலம் பக்கம், ஒரு நாள் கடலூர் பக்கம், இன்னொரு நாள் திருச்சி பக்கம் என்று வண்டியின் வாலில் உட்கார்ந்து போய்வருவார். என்ஜினைக் கண்டதும் பறவைகள் எழும்பிப் போய்விடும். வண்டி முழுக்கக் கடந்த பிறகு அவை திரும்பி வந்து அதே தந்திக் கம்பியில், அதே குட்டையில் உட்காரும். அதைப் பார்க்கிற பாக்கியம் கடைசிப் பெட்டியில் இருக்கிறவருக்கு மட்டும்தான். கல்யாணமான மூன்றாவது நாள் இதை என்னிடம் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை, கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவது. கம்பெனிக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் அது ரொம்பிவிட்டால் தை மாசம் வரைக்கும் தண்ணீர் நிற்கும், பறவைகளும் நிற்கும். வேலை தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே போய் அங்கே நின்றுகொள்வேன். ஒரு மார்கழிக் காலையில் கரை முழுக்கச் சேறுதான் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தும்மினேன். அந்தச் சேறு அப்படியே எழும்பியது. நூற்றுக்கணக்கான உள்ளான்கள். திரும்பும்போது எல்லாம் ஒரே நொடியில் வெள்ளையாயின, மறு நொடியில் மண் நிறமாயின. யார் சொல்லித் திரும்புகின்றன என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அன்றைக்குக் கைப்பிடிகளைக் கோணலாக ஒட்டி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கரைத்த களிமண்ணை முற்றத்தில் பாத்தி கட்டி ஊற்றி இறுக விடுவோம். காலையில் பார்த்தால் அதன்மேல் காலடிகள் பதிந்திருக்கும். வாலாட்டி பொடிப்பொடியாக ஓடியிருக்கும். ஆட்காட்டிக்கு மூன்று விரல்தான் பதியும். செம்பூத்துக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். நல்ல தடமாகப் பார்த்துக் கத்தியால் அறுத்தெடுத்து வைத்தால், சூளையைப் பார்த்துக்கொள்ளும் சாமிதுரை அண்ணன் கோப்பைகளோடு ஓர் ஓரத்தில் வைத்துச் சுட்டுக் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் அதுதான் சாட்சி. ஒவ்வொரு முறையும் அவர் லைனிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்காருவார். நான் காப்பியை வைப்பேன். "இன்னிக்கி என்ன வந்துச்சு?" என்பார். நான் சொல்வேன். பிறகு அவர் சொல்வார். கார்டு உத்தியோகம் பாருங்கள், எதற்கும் ஆதாரம் வேண்டும் அவருக்கு. அவர் பார்த்ததைப் பாதையோரத்தில் எந்தக் கம்பத்து எண், எத்தனை மணி என்பதோடு சொல்வார். நான் பார்த்ததற்குத் தடம் காட்ட வேண்டும். தடம் காட்டிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

அவர் சொல்கிற அழகே தனி. சின்னசேலம் தாண்டிச் சோளக்காட்டின் மேலே ஒரு மாலை முழுக்கச் சோளக்குருவிக் கூட்டம் புரண்டதைச் சொன்னார். உடம்பு ரோஜா நிறம், தலை கறுப்பு, ஒன்றல்ல இரண்டல்ல, ஆயிரக்கணக்கில். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டேஷனில் பச்சைக் கொடி காட்ட மறந்து திட்டு வாங்கியிருக்கிறார். "திட்டினவரையும் கூப்புட்டு மேல பாருங்க சார்னு காட்டினேன். அவரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு" என்றார். நான் அன்றைக்குச் சோறு பொங்கினேனா என்று ஞாபகம் இல்லை. விருத்தாசலத்தை விட்டு நான் அதிகம் போனதில்லை. ஆனால் அவர் கண் வழியாக மூன்று திசையும் போய்வந்தேன்.

எழுபத்திரண்டு டிசம்பரில் கடலூர்ப் பக்கம் புயல் கரை கடந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. இவர் வண்டியோடு அரியலூரில் மாட்டிக்கொண்டார். காலையில் காற்று சற்றுத் தணிந்ததும், கொட்டகையின் கதி என்ன ஆனதோ என்று பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். உடன் வேலை செய்கிற பாஞ்சாலையும் வந்தாள். கூரைத் தகரம் பாதி இல்லை. அவள் உள்ளே போய் உடைந்ததையும் உடையாததையும் பிரித்துப் போட ஆரம்பித்தாள். நான் வழக்கம்போலப் பள்ளத்துப் பக்கம் போனேன்.

அங்கே அது இருந்தது.

தண்ணீருக்கு மேலே, இரண்டு பனை உயரத்தில், கறுப்பாக. மார்பு மட்டும் வெள்ளை. இறக்கை இரண்டும் முழங்கை போல மடங்கி நீண்டுகொண்டே போயின. நான் இரண்டு கையையும் விரித்து நின்றாலும் அதன் அளவுக்கு வர மாட்டேன். வால் கத்திரிக்கோலாகப் பிளந்திருந்தது. நீண்ட மூக்கு, நுனியில் கொக்கி. அதைத் துரத்த இரண்டு காக்கைகள் மேலே போயின. அதன் பக்கத்தில் அவை குருவியாகிவிட்டன. அது காக்கைகளைக் கண்டுகொள்ளவே இல்லை. இறக்கையை ஒரு தரம்கூட அடிக்காமல் அந்தக் காற்றில் சும்மா இருந்தது. மரத்தை வேரோடு சாய்த்த காற்று அதை ஒன்றும் செய்யவில்லை.

எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "பாஞ்சாலை, மேல பாருடி" என்று கத்தியபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் வெளியே வருவதற்குள் அது கிழக்கே சரிந்து, ஒரே சரிவில், ரயில் பாதையைத் தாண்டி மறைந்துபோனது.

மறுநாள் மாலை இவர் வந்தார். காப்பி வைப்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு விசாரணை தொடங்கியது.

"எங்க உக்காந்துச்சு?"

"எங்கயும் உக்காரலீங்க."

"தடம்?"

"உக்காராததுக்குத் தடம் எங்கேருந்து வரும்?"

"ரெக்கைய அடிச்சுதா?"

"அடிக்கலீங்க. சும்மாவே நின்னுச்சு."

"ஆளு அகலத்துக்கு ரெக்கை, அடிக்கவும் இல்ல, உக்காரவும் இல்ல." அவர் சிரித்தார். "கம்பெனிக் கூரைத் தகரம்தான் காணாமப் போச்சுன்னியே, அதத்தான் நீ பாத்திருக்கற."

நான் சிரிக்கவில்லை. "தகரத்துக்கு மூக்கு இருக்குமா?" என்றேன்.

"ராத்திரி பூரா தூங்காம இருந்திருப்ப. புயலுக்குப் பயந்தவங்க கண்ணுக்கு எது வேணாலும் தெரியும்."

சரி, நம்பவில்லை, அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கார்டுகளும் டிரைவர்களும் தங்குகிற ரன்னிங் ரூமில் நாலு பேர் சிரிக்க இதைச் சொல்லியிருக்கிறார். பாஞ்சாலையின் புருஷன் ஸ்டேஷனில் போர்ட்டர். ஒரே வாரத்தில் கதை கம்பெனிக்கு வந்துவிட்டது. கைப்பிடி ஒட்டுகிற வரிசையில் ஒருத்தி மேலே பார்த்து, "அக்கா, தகரம் ஒண்ணு போவுது, மார்பு வெள்ளையா இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை ஒரு பறவையைப் பார்த்தால் என்னிடம்தான் வந்து பேர் கேட்பார்கள். என் வாயிலிருந்து வந்தால் அது சரியாக இருக்கும் என்று நம்பிய இடம் அது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நகையை அடகு வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் கண்ணை அடகு வைத்துவிட்டார்.

அன்று மாலை அவர் கேட்டார். "இன்னிக்கி என்ன வந்துச்சு?"

"காக்கா" என்றேன்.

மறுநாளும் காக்கா. அதற்கடுத்த நாளும் காக்கா. பள்ளத்தில் நத்தைக்குத்தி நாரைகள் இருபது வந்து இறங்கிய நாளிலும் காக்காதான். புதுத் தடம் எதையும் நான் அறுத்தெடுக்கவில்லை. அவர் மட்டும் கம்பத்து எண்ணோடு சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கப் பிடிக்காமல் இல்லை, அதுதான் என் கேவலம். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்பார் என்று முதல் மாசம் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

எழுபத்து நான்கு ஆடி அமாவாசைக்கு, இறந்துபோன அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பினோம். ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற இலவச பாஸ். எனக்கு அதுதான் முதல் நீண்ட பயணம். மானாமதுரையிலேயே விடிந்துவிட்டது. நான் வண்டி போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அவர் எதிரே, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தார். பழக்க தோஷம், அவருக்கு முன்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றுமாம்.

வழியெல்லாம் பறவை. கருவேல மரங்களில் பனங்காடை, வயல்களில் மயில்கள் மாடுகளோடு மாடாக மேய்ந்தன. பரமக்குடி தாண்டியதும் கண்மாய் ஒன்றில் கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு இறங்கின. என் வாய் திறந்து மூடியது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூடையைத் திறந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்தேன்.

மண்டபம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது. ஏறியது என்றால் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல்தான், கம்பியில்லை, சுவரில்லை. இவ்வளவு தண்ணீர் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆடிக் காற்று தெற்கிலிருந்து பெட்டியை மோதியது. பெட்டி ஆடியதில் யாத்திரைக்காரர்கள் சிவநாமம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆலாப் பறவைகள் முன்னால் போக முயன்று பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால், என்ஜினுக்குப் பக்கவாட்டில், உயரத்தில். கறுப்பு. மடங்கிய நீண்ட இறக்கை. பிளந்த வால். அடிக்கவில்லை, அசையவில்லை. அதன் ஊரில், அதன் காற்றில் நின்றுகொண்டிருந்தது. விருத்தாசலத்தில் நான் பார்த்தது வழி தவறி வந்த ஒரு விருந்தாளி என்று அந்த நொடியில் புரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அவர் தோளைப் பிடித்துத் திருப்ப என் கை எழும்பிவிட்டது. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திருப்பினால் நம்புவார். கண்ணால் பார்த்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அது பறவையை நம்புவது. என்னை நம்புவது இல்லை. வண்டி ஊர்ந்தது, பறவையும் கூடவே வந்தது. எந்த நேரமும் போய்விடலாம். போனால் அவருக்கு அது இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்பதும் தெரிந்தது.

அவர் பின்னே தள்ளப்படும் ஆலாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"என்னா காத்து இது. புயல்னா இதைப்போலப் பத்து மடங்கு இருந்திருக்குமில்ல?"

நான் அவர் தலைக்குப் பின்னால் பார்த்தேன், அது அங்கேயே இருந்தது.

"இந்தக் கடலு மேல என்னென்ன இருக்குதுன்னு நமக்கென்ன தெரியும். அந்தக் காத்து எதையாவது ஒண்ணத் தூக்கிக்கிட்டு வந்து நம்ம ஊர்ல வுட்டிருக்கும். நீ பாத்திருக்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ பாத்தத நீ சொன்ன. எனக்குத் தெரியாதத இல்லன்னுட்டேன். அதப் போயி நாலு பேருகிட்ட வேற சொல்லிச் சிரிச்சேன். அது தப்பு லட்சுமி. ஒன்னரை வருசமா நெஞ்சிலியே கெடக்குது. சொல்ல வாய் வரல."

"திரும்பிப் பாருங்க" என்றேன்.

திரும்பினார். எழுந்தார். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டார். அது எங்கள் பெட்டிக்கு நேராக வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளை மார்பைக் காட்டிக்கொண்டு எங்களைக் கடந்தது. கம்பத்து எண்ணை அவர் பார்க்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. வாய்விட்டு மூச்சு விட்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது. கடல் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. பாம்பன் ஸ்டேஷன் வரப்போகும்போதுதான் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரமா இருந்துச்சு அது?"

"பாலத்துல ஏறினதுலேருந்து."

"போயிருந்தா?"

"போயிருக்கும்."

"அப்பறம் ஏன் என்னைக் கூப்புடல?"

"நீங்க சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றேன்.