ஆறு நாற்பதுக்குப் புறா

பாலுசாமி தன் கம்பெனிப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைக் கூட்டப் போய்த்தான் இத்தனையும் வந்தது. சிங்காநல்லூரில் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி அது. இருபது வருஷமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம் எண்கணிதக்காரர் ஒருவர் வந்து, இங்கிலீஷில் இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் வெளிநாட்டுக்கே சரக்கு போகும் என்று சொல்லிவிட்டார். உடனே பலகையைக் கழற்றச் சொன்னார் பாலுசாமி. கழற்றினார்கள். பலகைக்குப் பின்னால் யாரையும் கேட்காமல் குடியிருந்த புறாக்கூடு பொத்தென்று தரையில் விழுந்தது. இரண்டு குஞ்சுகள். ஒன்று அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றது வலது இறக்கை மடங்கிக் கிடந்து முழித்தது.

பாலுசாமியின் மனைவி சாமியாத்தாள் அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனாள். பம்பு வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துண்டை மெத்தையாக்கிப் படுக்க வைத்தாள். பெட்டியின்மேல் ‘சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாலுசாமிக்கு அதில் பெரிய பெருமை. சோதித்துப் பார்க்காத எதுவும் தன் கேட்டைத் தாண்டாது என்று போகிற இடமெல்லாம் சொல்வார்.

குஞ்சுக்கு எப்படித் தீனி கொடுப்பது என்று சொன்னவர் ஃபிட்டர் நிஜாம். உக்கடத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் நாற்பது புறா வளர்க்கிற மனுஷர். பச்சைப்பயறை ஊறவைத்து, அலகை ஓரமாகத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளவேண்டும் என்றார். தொண்டைக்குக் கீழே பை உப்பினால் போதும், அதற்குமேல் திணிக்கக் கூடாது. இறக்கையை மெல்லிய துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உசுருக்குப் பயமில்லீங்கக்கா. எலும்பு கோணலாக் கூடிருச்சு. பறக்கறதுதான் இனி இல்லீங்க.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இது கோயம்புத்தூர். இங்கே ஒரு பொருள் ஓடாமல் கிடந்தால் நாலு பேருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லேத் பட்டறைக்காரர் ஒருவர் வெர்னியரை வைத்து இரண்டு இறக்கையையும் அளந்து, பேலன்ஸ் போய்விட்டது, இடப்பக்கம் நாலு கிராம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் தேங்காயெண்ணெய் போதாது, கிரீஸ் தடவவேண்டும் என்றார். சாமியாத்தாள் எல்லாருக்கும் காப்பி கொடுத்து, எல்லாவற்றுக்கும் “ஆகட்டுங்க” என்று சொல்லி, ஒன்றையும் செய்யவில்லை.

அந்த “ஆகட்டுங்க”வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறந்த ஊரான தொண்டாமுத்தூரில் யானை புகுந்து தென்னையை முறித்தபோது, தகரத்தைத் தட்டி அதை விரட்டிய பெண் அவள். கல்யாணமாகி வந்த இந்த இருபத்தாறு வருஷத்தில் ‘மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீதனமாக வந்த எருமைகளை விற்கலாமா என்றார் பாலுசாமி, ஆகட்டுங்க. தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்றார், ஆகட்டுங்க. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்பது அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அதிலும் புருஷன் கேட்டு, அதிலும் நாலு பேர் எதிரில் கேட்டு, எப்படிச் சொல்வது? யானையிடம் சொல்லிவிடலாம்.

குஞ்சு வளர்ந்தது. மஞ்சள் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறம் ஏறியது. அடுக்களை முழுக்க நடையாக நடந்து, அவள் புடவைக் கொசுவத்தைக் கொத்தி இழுத்து, மத்தியானம் அவள் படுத்தால் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிஜாம் சொன்னதை முழுக்க நம்ப மனசில்லாமல் அவள் தினமும் கட்டில் மெத்தையின்மேல் ஒரு முழ உயரத்திலிருந்து அதை விட்டுப் பார்ப்பாள். படபடவென்று அடித்துக்கொள்ளும்; அப்புறம் வலப்பக்கமாகச் சரிந்து விழும். நாற்பது நாளும் அதே வலப்பக்கம். பறக்காவிட்டால் போகிறது, இங்கேயே இரு கண்ணு என்று அவள் அதனிடம் சொல்லியும் விட்டாள். அவளுக்கு அது இல்லாமல் ஒருவேளைச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பாலுசாமி நட்புறவுச் சேவைச் சங்கத்துக்குத் தலைவரானார். அந்தச் சங்கம் செய்கிற சேவை என்னவென்றால், வருஷா வருஷம் ஒரு தலைவருக்குப் பதவியேற்பு விழா நடத்துவது. செயலாளர் கோவிந்தராஜுலு அழைப்பிதழ் ஐந்நூறு அடித்துவிட்டார். 6.30 குத்துவிளக்கேற்றுதல். 6.40 சமாதானப் புறா பறக்கவிடுதல். 6.45 பொன்னாடை போர்த்துதல். அச்சில் ஏறிவிட்டதென்றால் அது நடந்தே ஆகவேண்டும்; இடி விழுந்தாலும் 6.45-க்குப் பொன்னாடை உண்டு.

விழா அன்று காலையில் வெள்ளைப் புறா ஜோடி ஒன்று கூடையில் வந்து இறங்கியது. கோவிந்தராஜுலு பொறுப்பான மனுஷர். உள்ளே இரண்டும் சரியாக இருக்கிறதா என்று கூடையைத் திறந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தன. நேரே ஒண்டிப்புதூர்ப் பக்கமாகப் பறந்து போய்விட்டன. பாலுசாமிக்குப் போன் போட்டு, ரொம்ப நல்லாப் பறந்ததுங்க என்று திருப்தியோடு தெரிவித்தார்.

போனை வைத்த பாலுசாமியின் கண் அடுக்களைப் பக்கம் போனது. சாமியாத்தாள் அடுக்களை வாசலை மறித்து நின்றாள். அதுக்கு றெக்கை கூடலீங்களே என்றாள். அதற்கென்ன, சோதித்துப் பார்த்துவிட்டால் போச்சு என்று அவர் புறாவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குள் நடந்தார். பம்பு சோதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் ஏறி நின்று, சாக்குக் குவியலைப் பார்த்து வீசினார். அது படபடத்து, வலப்பக்கம் சரிந்து, சாக்கின் விளிம்பில் போய் விழுந்து எழுந்து நின்றது. என்னப்பா, எப்படி என்று நிஜாமைக் கேட்டார் பாலுசாமி.

சம்பளம் கொடுக்கிற மனிதரிடம் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? நிஜாமும் கோயம்புத்தூர்க்காரர்தானே. “எறங்குச்சுங்க” என்றார்.

“இது போதும். ஓக்கே” என்றார் பாலுசாமி. பம்புக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் ஒன்றை, அதற்குள் கோவிந்தராஜுலு கொண்டுவந்திருந்த காலிக் கூடைமேல் ஒட்டியும் விட்டார். திரும்பி, பின்னாலேயே வந்திருந்த மனைவியைப் பார்த்து, எடுத்துட்டுப் போகட்டுமா அம்மணி என்று கேட்டார். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. எதையும் கேட்டுத்தான் செய்வார். கோவிந்தராஜுலு நின்றுகொண்டிருந்தார், டிரைவர் நின்றுகொண்டிருந்தான். சாமியாத்தாள் வாயைத் திறந்தாள். ஆகட்டுங்க என்றுதான் வந்தது. அந்த நிமிஷம் தன் நாக்கைப் பிடுங்கி அந்தத் தொட்டியில் போட்டுவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சாம்பல் புறா எப்படிச் சமாதானப் புறா ஆகும் என்று கோவிந்தராஜுலு கவலைப்பட்டார். முகத்துக்குப் போடுகிற பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்து பாதியை அதன் தலையில் கொட்டினார்கள். வெளுத்துவிட்டது. பாவம், அது உட்கார்ந்த இடத்தில் தலையைத் தலையை உதறிக்கொண்டிருந்தது.

அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துப் புல்வெளியில் விழா. மேடை அஞ்சடி உயரம். சிறப்பு விருந்தினர் அழகிரிசாமி, மில் முதலாளி. அறுபது வயதிலும் கர்லாக்கட்டை சுற்றுகிறவர், அதை மைக்கிலேயே சொல்லிக்கொண்டார். அவர் கையில் போய்ச் சேர்ந்தால் புறா மெல்ல விடப்படாது, வீசப்படும் என்று சாமியாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு உயரம் போய்க் கீழே விழுந்தால் அது பிழைக்காது. புல்வெளியைச் சுற்றிச் சிமெண்டு நடைபாதை வேறு.

விளக்கேற்றினார்கள். அறிவிப்பாளர் புறாவைப் பற்றி எழுதி வைத்திருந்ததை வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சாமியாத்தாள் எழுந்தாள். மேடைக்கு வலப்பக்கம் சிமெண்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் போய் நின்று, பட்டுச் சேலை முந்தானையை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். தலைவர் மனைவி முந்தானை விரித்து நிற்பதைச் செயலாளரின் மனைவி ராமாமணி பார்த்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வீடுவீடாகப் போய் மடிப்பிச்சை வாங்குவதில்லையா, அப்படிப் புறாவிடம் வாங்கவேண்டிய ஏதோ முறை போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டால் அவளுக்கு மரியாதைக் குறைவு. உட்கார்ந்திருந்தாலும் மரியாதைக் குறைவு. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று தானும் முந்தானையை ஏந்தினார். ராமாமணியே போய்விட்டாரே என்று மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு பட்டு முந்தானைகள் வரிசையாக நின்றன. முந்தானை இல்லாத சுடிதார்க்காரி ஒருத்தி துப்பட்டாவை விரித்தாள்.

அழகிரிசாமி கையை ஓங்கி வீசினார். ‘இதோ புறா விண்ணை முட்டுகிறது’ என்று அறிவிப்பாளர் எழுதி வைத்ததை வாசித்தார். ஐந்நூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வீடியோக்காரரும் கேமராவை வானத்துக்குத் திருப்பிவிட்டார். எங்கோ ஒரு காக்கை போய்க்கொண்டிருந்தது. கைதட்டல் மண்டபத்தையே தூக்கியது.

காக்கையை விட்டுவிட்டுப் புறாவையே பார்த்தவள் சாமியாத்தாள் ஒருத்திதான். புறா பனையளவு எழும்பி, பவுடரை மேகமாக உதறிவிட்டு, நாற்பது நாளும் செய்ததையே செய்தது. வலப்பக்கம் சரிந்தது. அவள் கணக்கிட்டதைவிட இரண்டடி கூடுதலாகச் சரிந்து, நேரே ராமாமணியின் முந்தானைக்கு வந்தது. ஐயோ பட்டு என்று ராமாமணி முந்தானையைப் பட்டென்று இழுத்துக்கொண்டார். சாமியாத்தாள் பாய்ந்து விழுந்தாள். முழங்கால் இரண்டும் சிமெண்டில் தேய்ந்தன. முந்தானைக்குள் ஏதோ பொத்தென்று விழுந்து துடித்தது. அவள் அதை மாரோடு அணைத்துக்கொண்டு, எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே அழுதாள். புருஷனுக்குப் பதவி கிடைத்த ஆனந்தக் கண்ணீர் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். 6.45-க்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் புறாவைப் பார்த்த பாலுசாமி நெகிழ்ந்துபோனார். பறந்துபோன ஜீவன் வீடு தேடித் திரும்பி வந்துவிட்டதாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது பறக்கவே இல்லீங்க என்று சாமியாத்தாள் மூன்று தரம் சொன்னாள். நான் கண்ணால் பார்த்தேன் என்றார். வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிஷம் வெறும் வானம். ரொம்ப உயரத்துக்குப் போயிருச்சு, அதான் தெரியலை என்றார்.

ஒரு வருஷம் ஓடியது. இந்தத் தடவை அழகிரிசாமி தலைவர். கோவிந்தராஜுலு அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பாலுசாமியும் இருந்தார். சாமியாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். புறா அவள் பின்னாலேயே நடந்து வந்து, செயலாளரின் செருப்பைக் கொத்திப் பார்த்தது.

போன வருஷ நிகழ்ச்சி ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டதாம். மற்ற சங்கங்களும் கேட்கின்றனவாம். அதனால் இந்த வருஷம் அச்சிலேயே ஏற்றிவிட்டார்: 6.40 புறா பறக்கவிடுதல். 6.42 மகளிர் முந்தானை ஏந்துதல். ஒத்திகைகூட வைத்திருக்கிறார்கள். ராமாமணி அதற்கென்றே பருத்திச் சேலை எடுத்துவிட்டார்.

“புறா இன்னும் பறக்கறதில்லீங்களே?” என்று கோவிந்தராஜுலு அக்கறையோடு விசாரித்தார்.

இல்லை என்றாள் சாமியாத்தாள்.

“ரொம்ப நல்லதுங்க. பறந்துபோச்சுன்னா முந்தானை ஏந்தறது வீணாப் போயிருமுங்க.”

ஆக, கோவிந்தராஜுலுவுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பாலுசாமி காப்பியைக் குடித்தபடி, எடுத்துட்டுப் போங்க, அவ என்ன சொல்லப்போறா என்றார். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கமான அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

“குடுக்க மாட்டேனுங்க” என்றாள் சாமியாத்தாள்.

 இப்படி ஒரு வார்த்தையை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாலுசாமி டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கோவிந்தராஜுலு அழைப்பிதழை எடுத்து, அந்த வரியை விரலால் தடவிக் காட்டி, அச்சாயிருச்சுங்களே அம்மணி, ஐந்நூறுங்களே என்று கெஞ்சினார்.

சாமியாத்தாள் குனிந்து புறாவை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

“அச்சானது அப்படியே நடக்கட்டுமுங்க. பன்னெண்டு பேரும் வந்து முந்தானைய விரிச்சு நிக்கிறோமுங்க. ஆறு நாப்பதுக்கு நீங்க மேடையிலிருந்து குதிச்சுப்போடுங்க.”

இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்றும் கேட்டாள். கோவிந்தராஜுலு போதுமுங்க என்றார்.