மூணாவது கவுண்டரின் முழங்கால்கள்

என் மருமகள் ஒரு காலத்தில் நின்றுகொண்டே தூங்குவாள். ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று சாப்பிடுவாள், சன்னல் கம்பியைப் பிடித்தபடி தூங்குவாள். நம்பக் கஷ்டமாக இருந்தால் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

பெரிய துணிக்கடை ஒன்றில் அவள் மூன்றாவது கவுண்டரில் இருந்தாள். அங்கே அவள் பார்த்த வேலை நிற்பது. துணி விற்றது இடையிடையேதான். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. ஸ்டூல்களையெல்லாம் மாடிக்கு ஏற்றிப் பூட்டிவிட்ட சூப்பர்வைசருக்கு அங்கே வேலை பார்த்த பெண்கள் வைத்திருந்த பெயர் முள். அவனுக்கு யார் முகமும் தெரியாது. முழங்கால்தான் தெரியும். ஒருத்தி சுவரில் சாய்ந்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், அடுத்த மாடியில் இருந்தாலும் வந்துவிடுவான். “எந்திரி” என்பான். கத்தமாட்டான். ஜிப் இழுத்த மாதிரி இருக்கும். அந்தக் குரலுக்குக் கண்ணாடிக்குள் இருந்த பொம்மைகளும் முதுகை நிமிர்த்தின. அதில் ஒரு பொம்மைக்குக் கால் வீங்கிப் பெரிய செருப்பு மாற்றியதை நானே பார்த்தேன்.

மருமகளுக்கு முழங்காலுக்குப் பின்னால் நரம்பெல்லாம் பச்சைக் கயிறாகப் புடைத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வர, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முள் வந்தான். என்ன உடம்புக்கு என்று கேட்கவில்லை.

“எந்திரி. அப்படியே வெளிய போ.”

கடை நிறைய ஜனம். ரவிக்கைத் துணியோடு நின்ற ஒரு அம்மாள் மட்டும், “அப்ப இதுக்கு மேட்சிங் யாரு எடுத்துக் குடுப்பா?” என்று கவலைப்பட்டாளாம்.

வீட்டுக்கு வந்த மருமகள் அழவில்லை.

“மாமா, அவன் வேலை போகணும். நாலு பேர் பாக்கப் போகணும்.”

“போகும்மா.”

“அதுவாப் போகக் கூடாது. நான் போக வைக்கணும்.”

என் மகன் சமாதானப் பிரியன். “விட்டுத் தள்ளேன்” என்றான். அன்றைக்கு அவன் தட்டில் மட்டும் உப்பு இல்லை.

பிறகு அவள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பழைய கிடங்கு. வேலை இல்லாதவர்களுக்கு நாற்காலி, சோபா பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து உடைசல் வரும். சரிசெய்து விற்று, வருகிற வருமானத்தில் இன்னும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அதை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் நல்ல பெண். “நாம ஒட்ட வைக்கிறது நாற்காலியை இல்ல, மனுஷங்களை” என்று சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பொய் இல்லை. பல காலமாகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், பசை காயாத சோபாவின் ஆளுக்கொரு முனையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை. பசை காய்வதற்குள் சம்பந்தியாகிவிட்டார்கள்.

மருமகள் கற்றுக்கொண்டு, அங்கேயே கற்றுக்கொடுப்பவளாகவும் ஆனாள். பசை கலக்க நானும் போவேன். கூலி, டீ.

அப்படி இருக்கையில் துணிக்கடை மூடிப்போனது. எல்லாரும் வீட்டில் படுத்தபடி போனில் துணி வாங்க ஆரம்பித்தார்கள். படுத்திருப்பவர்களை எழுப்ப முள்ளுக்கு வழி இல்லை. ஒரு காலைப்பொழுதில், சட்டையை நன்றாக உள்ளே சொருகிக்கொண்டு, பயிற்சிக்கு என்று கிடங்கு வாசலில் வந்து நின்றான்.

மருமகள் கணுக்கால்வரை ஏப்ரன் கட்டியிருந்தாள். முழங்கால் தெரியவில்லை. ஆகவே அவனுக்கு ஆள் தெரியவில்லை.

“வணக்கம் மேடம்” என்றான்.

“வாங்க சார்” என்று சுத்தியலைக் கையில் கொடுத்தவள், என் பக்கம் குனிந்து, “மாமா, சாமான் வந்துடுச்சு” என்றாள்.

அவன் கட்டை விரலில் ஒன்று போடுவாள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அவளோ பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாள். பட்டை எப்படி இழுத்துக் கட்டுவது, ஸ்பிரிங் எப்படி நிறுத்துவது, துணியில் சுருக்கம் விழாமல் ஆணி எப்படி அடிப்பது, எல்லாம். பசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுக்கிறியேம்மா?”

“கையில ஒண்ணும் இல்லாதவன்கிட்ட எதைப் புடுங்குறது மாமா? மொதல்ல ஏதாவது வரட்டும்.”

வந்தது. ஒரு தியேட்டர் முதலாளி தன் இருக்கைகளையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடினார். கிடங்கில் அக்கம்பக்கத்தார் கூடுகிற நாளன்று நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். ஒருங்கிணைப்பாளர் முள்ளின் பெயரைச் சொன்னாள். வேலை சுத்தமாகச் செய்கிறான் என்று அவளுக்கு மதிப்பு.

அவன் பசைச் சட்டிக்கு அருகில் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான். “இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல பெரியவரே. வீட்டுல யாரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல.”

மனசு கேட்காமல் மருமகளிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் இளகுவாள் என்று நினைத்தேன்.

“ரொம்ப நல்லது” என்றாள்.

கூடுகிற நாளுக்குக் கிடங்கை அலங்கரிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். கண் கூசுகிற வெள்ளைக் குழல்விளக்கு மாட்டினாள். மேஜைகளைக் கவுண்டர் மாதிரி வரிசையாகப் போட்டாள். துணிக்கடையில் நாளெல்லாம் ஓடிய வாத்திய இசையை எங்கிருந்தோ பிடித்து வந்தாள். வரவேற்கிறவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லி முள்ளுக்கு, கடையில் அவன் போட்டிருந்த மாதிரியே ஒரு கருநீலக் கோட்டு போட்டுவிட்டாள். பழைய கடைப் பெண்களையெல்லாம் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, ஏப்ரனைக் கழற்றிவிட்டுத் தானும் அவர்களோடு உட்கார்ந்தாள்.

“எதுக்கும்மா இத்தனை ஜோடனை?”

“அந்த வார்த்தை அவன் வாயிலயேதான் இருக்கு மாமா. வெளிய வர்றதுக்கு ஒரு கடை தேடுது. நான் கட்டிக் குடுத்திருக்கேன்.”

தியேட்டர் முதலாளி வந்தார். பருத்த மனுஷர். முள் பழுது பார்த்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, “அடடா” என்று காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். இசை ஓடியது. விளக்கு எரிந்தது. முள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. நடையே மாறிவிட்டது. முன்வரிசையில் மடங்கிக் கிடந்த முழங்கால்களை ஒரு பார்வை பார்த்தான்.

“எந்திரி.”

முதலாளி எழுந்தார். கடைப் பெண்கள் எழுந்தார்கள். வாழ்நாளில் கடை வேலையே பார்க்காத ஒருங்கிணைப்பாளரும் எழுந்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. தெருவில் ஸ்கூட்டரில் போன ஒருவர் மீதித் தூரத்தை நின்றுகொண்டே ஓட்டிப்போனார்.

“நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?” என்றார் முதலாளி. பிறகு சுதாரித்துக்கொண்டார். “ஏன்யா, ஜனங்களை உட்கார வைக்கிறதுதான்யா என் தொழிலே. நீ பாதிப் படத்துல எல்லாரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பிடுவ போலிருக்கே.”

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். வேலை போனது. நாலு பேர் அல்ல, ஒரு கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தோஷமாக மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கைகள் பக்கவாட்டில், முதுகு விறைத்து, பழைய மூன்றாவது கவுண்டராக. தன் காலைத் தானே பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். அவனைக் கவிழ்க்கப் பள்ளம் வெட்டியவள், தன் கால் அவன் பக்கம் சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.

முள்ளும் அந்த முழங்கால்களைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

“மூணாவது கவுண்டர்” என்றான்.

அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

“இன்னொரு தரம் சொல்லுங்க சார்.”

“மேடம், என்னை மன்னிச்சு...”

“அது வேண்டாம். அதச் சொல்லுங்க.”

சொன்னான். பெண்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருமகளின் முழங்கால் எழப் பார்த்து வெட்டி இழுத்தது.

“இன்னொரு தரம்.”

“எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமே” என்றாள் ஒருங்கிணைப்பாளர், கையைப் பிசைந்துகொண்டு.

“பேசித்தாங்க தீத்துக்கிறோம்” என்றாள் மருமகள்.

அவன் சொல்லச் சொல்ல எழுகிறவர்கள் குறைந்தார்கள். முதல் கவுண்டர்க்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு நாற்காலியை இழுத்து அதன்மேல் காலையும் நீட்டிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், காது மந்தம்” என்றாள். பின்னால் இருந்த ஒருத்தி உட்கார்ந்தவாக்கிலேயே குறட்டை விட்டாள். பொழுது சாயும்போது முள்ளின் குரல் துணி கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. கூடத்தில் ஒருத்தரும் அசையவில்லை. மருமகளின் முழங்கால் மட்டும் ஒவ்வொரு தடவையும் வெட்டியது.

“நாளைக்கு வாங்க” என்றாள்.

“எதுக்கு மேடம்?”

“என் காலு இன்னும் உங்க பேச்சத்தான் கேக்குது. அது அடங்குற வரைக்கும் உங்களுக்கு இங்க வேலை உண்டு.”

ஒருங்கிணைப்பாளர் அதற்கு ஒரு பதவிப் பெயரும் கண்டுபிடித்தாள்: இணைப்பு உதவியாளர்.

அன்றிலிருந்து காலையில் வருகிறான். வந்ததும் அவள் எதிரில் நின்று அந்த வார்த்தையைச் சொல்கிறான். பிறகு நாளெல்லாம் அவளுக்கு ஆணி எடுத்துக் கொடுக்கிறான், நின்றபடி. கால் வீங்கிவிட்டது. அவனுக்கும் பச்சைக் கயிறு புடைத்திருக்கிறது. ஒரு நாள் என்னிடம் வந்து, “நானும் கொஞ்சம் உட்காரலாமானு மேடம்கிட்டக் கேட்டுச் சொல்றீங்களா பெரியவரே?” என்றான்.

கேட்டேன். மருமகள் வாயில் வைத்திருந்த ஆணியை எடுத்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன் மாமா.”

இன்னும் யோசிக்கிறாள். அவளுடைய கால் அடங்கி வெகுநாள் ஆகிறது. வீட்டில் சோபாவில் சாய்ந்தால் அவ்வளவுதான், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று என் மகன் கத்தினாலும் எழுந்திருப்பதில்லை. கிடங்கில் மட்டும், காலையில் அவன் எதிரில் வந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்கிறபோது, முழங்காலை லேசாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டுகிறாள்.