வேலாயுதத்தின் அப்ரூவ் பொத்தான்

செத்துப்போன வேலாயுதம், தன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக ஜாபர் அலிக்கு லீவு கொடுத்தார். கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்: ‘ஓகே லா, போய்ட்டு சீக்கிரம் வந்துடு.’

லோரி ஓட்டும் ஜாபர் கைப்பேசியை என் மேசையில் வைத்துவிட்டு, பாம்பைப் போட்டவர் மாதிரி இரண்டடி தள்ளி நின்றார்.

“தாமரைக்கா, நீங்களே பாருங்க. காலையில பத்து பத்துக்கு வந்திருக்கு.”

பத்து பத்து என்பது வேலாயுதம் கடையில் தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்து உட்காரும் நேரம். கிள்ளானை அடுத்த மேருவில் எங்கள் கிடங்கின் வரவேற்பு மேசை என்னுடையது. யாரையும் நான் துருவிக் கேட்பதில்லை. அவர்களாகச் சொல்வார்கள், விட்டதை மட்டும் கேட்டுக்கொள்வேன்.

எங்களுக்கு லீவு, கேட் பாஸ் எல்லாம் போன வருடத்திலிருந்து கணினிப் படிவம். அதைச் செய்து கொடுத்தவள் மலர்விழி. எங்கள் திரையில் ‘அனுப்பு’ மட்டும் இருக்கும். ‘அப்ரூவ்’ பொத்தான் மேற்பார்வையாளர் பொறுப்பில் இருப்பவர் திரையில் மட்டும் வரும். அந்தப் பொறுப்பில் வேலாயுதம் ஒருவர்தான். முதலாளி ராதாகிருஷ்ணனுக்குக்கூடப் பொத்தான் கிடையாது. கோல்ஃப் திடலில் யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று அவரே போட்ட உத்தரவு. யார் பெயரையும் சேர்க்கவும் நீக்கவும் ஒரு படிவம், அதற்கும் வேலாயுதத்தின் ஒப்புதல் வேண்டும்.

வேலாயுதம் மாரடைப்பில் போன மறுநாளே, படிவம் இல்லாமல் உள்ளிருந்தே அவர் கணக்கை முடக்கியிருக்கவேண்டும். மலர்விழி செய்யவில்லை.

“காரியம் முடியாம பேரை அழிச்சா நல்லா இருக்காதுக்கா.”

கணினி படித்த பெண்ணுக்கு இந்தப் பேச்சு. நானும் பெரிதாகத் தலையாட்டி வைத்தேன், அது வேறு கதை.

ஜாபருக்கு வந்ததைக் காட்டியதும் முதலாளி நேராக மலர்விழியிடம் வந்தார். எல்லார் கடவுச்சொல்லும் அவளிடம்தானே.

“நீதான் அமுக்குற. செத்தவன் பேர்ல வெளையாடுறியா?”

“நான் இல்ல பாஸ்.”

“அப்ப யாருன்னு இன்னிக்குள்ள காட்டு. இல்லன்னா நாளைக்கு வராத.”

அவள் கணவனுக்கு வேலை போய் நான்கு மாதம். கிள்ளான் பாசாரில் காய்கறி வாங்கும்போது அவன் அத்தை சொன்னது, நான் கேட்கவில்லை.

மலர்விழி அழவில்லை. தன் கைப்பேசியையும் மடிக்கணினியையும் முதலாளியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொன்னாள். “இப்ப நீங்களே அவர் பேரை நீக்கச் சொல்லி அனுப்புங்க பாஸ்” என்று இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். காப்பி கொடுக்கும் சாக்கில் உள்ளே போன நான், வெளியே வர மறந்துவிட்டேன்.

முதலாளி ஒற்றை விரலால் தட்டினார். நீக்க வேண்டியவர்: வேலாயுதம். காரணம்: இறந்துவிட்டார். அனுப்பு.

“இது யாருக்குப் போகும்?” என்று கேட்டேன்.

“அவருக்குத்தான்க்கா” என்றாள் மலர்விழி.

“குப்பை சிஸ்டம்” என்று முதலாளி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மதிய வெயில் கிடங்குக் கூரையில் அடித்தது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் வந்து நின்றது. என் கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்தது.

படிவத்தின் அடியில் ஒரு வரி முளைத்தது.

வேலாயுதம் படித்துவிட்டார்.

முதலாளி திரையைப் பார்க்கவில்லை. மலர்விழியின் கைகளைத்தான் பார்த்தார். பத்து விரலும் அசையாமல் மேசைமேல் இருந்தன. இழுப்பறைச் சாவியை எடுத்து அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார். அவள் அதை எடுக்கவில்லை.

‘வேலாயுதம் எழுதுகிறார்’ என்று அடுத்த வரி வந்தது. பக்கத்தில் மூன்று புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி அடங்கின, மறுபடி எழும்பின. நான் கண்ணைத் தாழ்த்தினேன். மேசைக்கடியில் முதலாளி, ஒரு காலால் மறுகால் சப்பாத்தைச் சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டிருந்தார்.