நல்லசிவத்துக்குக் கேட்டது

எங்கள் ஆய்வகத்தில் கைபேசி ஆண்டெனாக்களைச் சோதிக்கும் பிளாஸ்டிக் தலைக்கு நல்லசிவம் என்று பெயர். மூளைக்குப் பதிலாக உள்ளே உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். அதை மாற்றுவது என் வேலை. புதிய கைபேசியை அவர் காதில் பொருத்திவிட்டு, பக்கத்து அறையிலிருந்து அழைப்போம். "கேட்குது" என்று அவர் சொன்னால்தான் அது கடைக்குப் போகும். முகதாட்சண்யம் பார்க்கவே மாட்டார்.

இந்த ஆண்டு ரெஜினாவின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஆண்டெனாவை வடிவமைப்பது அவர். கேமராக்காரர்களோ இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்கள். கைபேசியின் ஓரத்தில் நகக்கீற்று அளவுதான் மிச்சம் வைத்தார்கள். அதையும் பேசுகிறவரின் உள்ளங்கை மூடிக்கொள்ளும். மூடினால் சிக்னல் செத்தது. ரெஜினா செய்த எதுவும் நல்லசிவத்துக்குக் கேட்கவில்லை. அடுத்ததும் கேட்காவிட்டால் தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இனிமேல் கணினியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று மேலாளர் முடிவு செய்தார்.

"எப்படி இருந்தாலும் கேட்குதுன்னு சொல்லிடுங்க சார். உங்களைக் கொட்டிடுவாங்க," என்றார் ரெஜினா.

"கேட்டாத்தானேம்மா சொல்ல முடியும்?"

இப்படி இரண்டு பேர் இருக்கும் இடத்தில் நானும் சம்பளம் வாங்குகிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ரெஜினா அன்று டவுன் பஸ்ஸில் போய் வந்தார். வந்ததும் நகர்ந்து உட்காரும் ஆண்டெனா ஒன்றைச் செய்தார். உள்ளங்கை நெருங்கினால், கைக்குழந்தையோடு வந்தவருக்கு இடம் விடுவதுபோல், அது மறுபக்க ஓரத்துக்குத் தள்ளிக்கொள்ளும். செம்புத் தகட்டுக்கு இவ்வளவு மரியாதை கற்றுக்கொடுக்க அவரால்தான் முடியும்.

சோதனையன்று, மேசையில் தனியாகப் பொருத்திய பிளாஸ்டிக் கை கைபேசியை அவர் காதோடு இறுகப் பிடித்தது. மேலாளர் வாளியோடு நின்றார். பக்கத்து அறையில் ரெஜினா "ஹலோ" என்றார்.

"கேட்குது," என்றார் நல்லசிவம். "ரெஜினாம்மா ஹலோங்கிறாங்க. அவங்களுக்குப் பின்னால, ஓசூர் ஃபேக்டரில விட்டுட்டு வந்த என் உடம்பும் பேசுது. எப்ப வர்றேன்னு கேட்குது."

மேலாளர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நல்லசிவத்துக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்.

நான் அவரை மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் பேருந்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட்டும் அவருக்கு அரை டிக்கெட்டும் கிழித்தார். அவர் உடம்பை அழைத்துவரப் போகிறோம் என்றேன்.

"திரும்பி வரும்போது அவருக்கும் முழு டிக்கெட்," என்றார்.